சிறுவர் நூலகருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை பேத்தியை எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வயது, இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எந்தப் புத்தகம் பொருந்தும் என்று அங்கு வேலைசெய்யும் பிள்ளையிடம் கேட்டேன். அன்பாகத்தான் பேசினார், ஆனால் தடுமாறினார். "இதையெல்லாம் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை ஐயா" என்றார். அது அவருடைய பிழையில்லை.

இலங்கை நூலகச் சங்கம் நூலகவியலில் டிப்ளோமா நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகமும் இருக்கிறது. நல்லது. ஆனால் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கமும் அவற்றின் விவரத்தைப் பதிந்துவைக்கும் பட்டியலாக்கமும் தெரிந்தால் மட்டும் சிறுவர் பகுதி நடந்துவிடாது. படத்தைக் காட்டிக் கதை வாசிப்பது, வாசிக்கத் திணறும் பிள்ளையைக் கூச்சப்படுத்தாமல் பக்கத்தில் இருத்துவது, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுப்பது, இவையெல்லாம் தனிக் கலை. பார்த்தும் செய்தும்தான் பழக வேண்டும்.

கொழும்புக்குப் போய்வர எல்லோராலும் முடியாது, அதுவும் சின்னப் பிள்ளைகள் உள்ள பெண்களால். மாதத்தில் ஒரு நாள், யாழ்ப்பாணப் பொது நூலகத்திலேயே, தமிழில் ஒரு பயிலரங்கு வைக்கலாமே. முன்பள்ளி ஆசிரியைகளையும் கதை சொல்லிகளையும் கூப்பிடலாம். பிரதேச சபைகள் தங்கள் நூலகர்களைக் கடமை விடுப்பில் அனுப்ப வேண்டும், பஸ் காசும் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்தால் இந்த வருடமே தொடங்கிவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோண்டாவில்.