எச்சிலில் கிடைக்காத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலிருக்கும் மகள் வீட்டிலேயே செய்யும் மரபணுப் பரிசோதனைப் பெட்டியொன்றை அனுப்பியிருந்தாள். குழாயில் எச்சிலை நிரப்பிக் கொடுத்தேன். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த விடை: 'தென்னிந்தியா, இலங்கை'. இதைக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் விற்பவரே சொல்லியிருப்பார்!

தம்பிக்கு வேறு சதவீதம் வந்ததும் வீட்டில் சிறு கலவரம். பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்று விளக்கி அடக்கினேன்.

தமிழ்நாட்டின் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என் தாத்தா. அவருடைய ஊர்ப்பெயர் கடைசியில் தகரப்பெட்டிக்குள் இருந்தது: இந்தியாவிலிருந்து வந்தோருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்தின் மங்கிய பிரதியில். வம்சாவளிக்குச் சான்று கேட்டு அலைக்கழிக்கப்பட்ட தலைமுறையின் பேத்தி, அதைக் காசு கொடுத்துக் கேட்கிறாள்.

இத்துறையின் பெரிய நிறுவனமான '23 அண்ட் மீ' 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2023இல் அதன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் கசிந்திருந்தன. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியுமா? நான் எச்சில் அனுப்பியது வேறு நிறுவனத்துக்கு. மாதிரியை அழித்துவிடும்படி எழுதியிருக்கிறேன். இன்னும் பதிலில்லை.

வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு-13