ஜகாட் படத்தைத் தோட்டங்களுக்குக் கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் கூழாங்கல் படம் 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியதைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம், அதன் இயக்குநர் வினோத்ராஜுக்குக் கிடைத்த பெருமை தமிழர் எல்லாருக்கும்தான். ஆனால் நம் மலேசிய இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் என்ற தமிழ்ப் படத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2015 டிசம்பரில் வந்த படம். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதும், சஞ்சய்க்குச் சிறந்த புதுமுக இயக்குநர் விருதும் கிடைத்தன. அது சும்மா கிடைத்துவிடவில்லை. அந்த வருடம் மலாய் மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கப் பார்த்தார்கள் விழாக்காரர்கள். அதை எதிர்த்து ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தான் முன்பு வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார், அப்புறம்தான் விதிகளை மாற்றினார்கள். ஒரு மலாய்க்காரர் நமக்காக நின்றதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பல பேருக்கு அந்தப் படத்தின் பெயரே தெரியாது. நானே விருது கிடைத்து ரொம்ப நாள் கழித்து மகனின் மடிக்கணினியில்தான் பார்த்தேன். 90களில் ரப்பர் தோட்டத்தை விட்டுப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பம், நன்றாகப் படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதைப் பழக்கத்தில் சிக்கிய இன்னொரு சித்தப்பா, நடுவில் 12 வயது அப்போய். அவனைப் போன்ற பையன்கள் இன்றும் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாலை நேரத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சுற்றி நிற்கிறார்கள். அப்பாமார்களும் பார்க்க வேண்டிய படம் இது, சொல்லப்போனால் அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். அடித்தால் பையன் திருந்திவிடுவான் என்று இன்னும் நம்புகிறவர்கள் இங்கே நிறைய.

உள்ளூர்ப் படங்களுக்குக் கட்டாயத் திரையிடல் திட்டம் இருக்கிறது, சரி. ஆனால் அது நகரத்துத் திரையரங்கோடு நின்றுவிடுகிறது. வாரக்கடைசியில் தமிழ்ப்பள்ளி மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. திருவிழாவுக்கு வாங்கிய ஒலிபெருக்கி கோயில் கமிட்டிகளிடம் இருக்கிறது. படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி எப்படிக் கேட்பது, அதற்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் உதவுமா என்பதைத் தயவுசெய்து விசாரித்து அடுத்த ஞாயிறு பதிப்பில் போடுங்கள். நாற்காலி அடுக்குவது முதல் மற்ற வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்