ஐப்பசி மழையைக் காணாத கருவாட்டுத் தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் புதிதாக ஏதாவது செய்தால் தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் படத்தோடு போடுகின்றன. நல்ல விஷயம்தான். என்னுடைய படம் வந்திருந்தால் அம்மா வெட்டிச் சட்டம் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பொருள் அடுத்த வருடம் எங்கே இருக்கிறது, யார் பாவிக்கிறார்கள் என்று தேடிப்போய் எழுதிய செய்தியை நான் இதுவரை வாசித்ததில்லை. வடிவமைப்புப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் நானும் கருவாடு காயவைக்கும் தட்டு ஒன்றைச் சுயதெரிவுச் செயற்றிட்டமாகச் செய்து முடித்தவள். அதில் எனக்குள்ள மனக்குறையைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடங்களில் வேலையை விரிவுரையாளர் தருவார். கதிரை செய், பிஸ்கட் பெட்டி செய், கடைக்குப் பெயர்ப்பலகை வரை என்று. இறுதியாண்டில் பிரச்சினையையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். யாருக்காகச் செய்கிறோம், எதைக்கொண்டு, எவ்வளவு செலவில், எப்போது முடிப்போம் என்று எல்லாவற்றையும் நாமே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்கும்போது பெரிய சுதந்திரம் மாதிரி இருக்கும். எங்கள் பட்சில், அதாவது எங்கள் ஆண்டு மாணவர்களில், பலர் தலைப்புத் தேடியே களைத்துப்போனார்கள். பிறகு கோப்பிக் கடைக் கதிரையிலும் கைபேசிச் செயலியிலும் போய் நின்றார்கள். நான் ஊருக்கு வந்தேன். உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை, விடுதிச் செலவு மிச்சம்.

சாம்பல்தீவில் எங்கள் வீட்டிலிருந்து, கரையில் நின்று வலை இழுக்கும் மீனவரின் கொட்டில்கள், அதாவது கரைவலை வாடிகள், தூரமில்லை. நெத்தலியும் சூடையும் கீரியும் அளவுக்கு மிஞ்சிப் பட்டால் மிச்சம் கருவாடாகும். காயப்போடுவது பெரும்பாலும் பெண்கள். மணலில் படங்கு விரித்து, இல்லையென்றால் பழைய வலையை விரித்து, குனிந்தபடியே பரப்ப வேண்டும், குனிந்தபடியே புரட்ட வேண்டும். காகத்துக்கும் நாய்க்கும் ஒரு கண், இலையானுக்கு ஒரு கண். மணல் ஒட்டிய கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். சரி, இதுதான் என் தலைப்பு, இடுப்பளவு உயரத்தில் ஒரு உலர்த்தும் மேசை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வாடியில் பல வருடமாகக் கருவாடு போடும் மாமி ஒருவர் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "வெயிலுக்க எல்லாம் காயும் பிள்ளை. ஐப்பசி மழைக்க என்ன செய்யிறதெண்டு சொல்லு" என்றார். என் செயற்றிட்டத்துக்குக் கிடைத்த உருப்படியான பிரீஃப், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, அதுதான். மேற்பார்வையாளர் திருத்தித் தந்த தாளில் அந்தக் கேள்வி இல்லை.

திருகோணமலை மழை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று, சுடுமணல், மழை குறைவு. நவெம்பரிலும் டிசெம்பரிலும் தலா 300 மி.மீ.க்கு மேல் சராசரி மழை. மாரி இறங்கினால் கரைவலை பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு முன் வருகிற ஐப்பசிதான் சிக்கல். காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. விரித்ததை அள்ளுவதற்குள் நனைந்துவிடும். சேர்த்து வைத்த பழைய கருவாடும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதையும் எடுத்துத் திரும்பக் காயவைக்க வேண்டும். கருவாட்டுக்கு விலை ஏறுவதும் அந்த நேரத்தில்தான்.

சூரிய உலர்த்தி ஒன்று அந்தக் கரைக்கு ஏற்கனவே வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் கொடுத்தது, பொலித்தீன் கூடாரம் போட்டது. இப்போது அதற்குள் கோழி அடைகிறது. கோழிக்கூடாக மிக நன்றாக வேலை செய்கிறது என்பதை வடிவமைப்பு மாணவியாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பச்சை மீனின் எடையில் 100க்கு 70 முதல் 80 வரை நீர். தொடக்கத்திலேயே 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் சின்ன மீன் காய்வதற்கு முன் வெந்துவிடும். வெளித்தோல் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளிவர வழி இல்லாமல் நின்றுவிடும். பையில் கட்டிய பிறகுதான் அது தெரியும். கருவாட்டுக்குச் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். மூடிய கூடாரத்தில் அதுதான் இல்லை. வெயிலிலும் கடற்காற்றிலும் பொலித்தீன் கிழிந்த பிறகு புதிதாக வாங்கிப் போட அந்தக் கரையில் யாரிடமும் காசும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆகவே மேசையை விட்டுவிட்டு, இடியப்பத் தட்டுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய தட்டுகளுக்கு மாறினேன். சட்டம் பனஞ்சலாகை. நாகம் பூசிய இரும்புக் குழாயை வெல்டிங் செய்து ஒட்டச் சொன்னவர்கள் உண்டு. ஒட்டும் இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோகும், கடற்கரையில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும், பிறகு மீனில் கறை. தட்டின் அடிக்கு வாடியில் கழித்துப் போட்ட நைலோன் வலை. கிழிந்தால் வலை பொத்துகிற கையே அதையும் பொத்திவிடும், யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஒரு பெண் ஒரு பக்கத்தில் நின்று கை நீட்டினால் மறுகரை எட்டும் அகலம். தட்டுக்குத் தட்டு நாலு விரல் இடைவெளி. எறும்புக்காகக் கால்களின் அடியில் தண்ணீர்ச் சிரட்டை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேர் தட்டுகளைத் தூக்கி அடுக்கி, மேலே மட்டும் ஒரு தறப்பாளை இழுத்துவிட வேண்டும். பக்கங்கள் திறந்திருக்கும், காற்று போகும்.

தட்டுகள் கரைக்குப் போனபோது கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். 'பயனாளர் திருப்தி' என்ற பகுதியில் நல்ல நல்ல வசனங்களாக எழுதினேன். உண்மையைச் சொன்னால், அந்த வெயிலில் பழைய சாக்கில் போட்டிருந்தாலும் நெத்தலி காய்ந்திருக்கும். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வு ஓகஸ்டில், அதை மாற்ற யாராலும் முடியாது. கொழும்பில் கண்காட்சியும் நடந்தது. வாசம் காரணமாக என் மேசைப் பக்கம் கூட்டம் குறைவு. புள்ளி நல்ல புள்ளி.

பிரித்தானிய டிசைன் கவுன்சில் பரப்பிய 'இரட்டை வைரம்' என்ற படத்தை உலகமெங்கும் வடிவமைப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். கண்டறி, வரையறு, உருவாக்கு, ஒப்படை என்று நாலு கட்டம். வகுப்பில் எங்களுக்கு அது ஒப்படைப்பதோடு முடிந்துவிடும். ஒப்படைத்த பிறகு மழை பெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் புள்ளித் திட்டத்திலும் இடமில்லை.

ஐப்பசியில் நான் திரும்பப் போனபோது தட்டுகள் பாவனையில் இருந்தன, ஆனால் நான் வரைந்த மாதிரி இல்லை. அடுக்கில் நடுத் தட்டுகளுக்கு மழைக்காலக் காற்று போதவில்லை என்று பெண்கள் பாதித் தட்டுகளைக் கழற்றியிருந்தார்கள். கழற்றியவற்றைக் கயிற்றில் கட்டி, குசினி அடுப்புக்கு மேல் புகை படுகிற உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பூஞ்சணம் பிடித்த பழைய கருவாடு அங்கே மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தது. இலையானும் இல்லை. இந்தச் செயற்றிட்டம் முழுவதிலும் கிடைத்த மிகப் பெறுமதியான தகவல் இதுதான் என்பது என் எண்ணம். அதை எழுத இடமில்லை. அறிக்கையைக் கட்டி நூலகத்துக்குக் கொடுத்து முடிந்துவிட்டது.

இனி என் மனக்குறையின் மறுபாதி. கிண்ணியாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் அடுத்த பட்சில் இருக்கிறார். அடுப்புக்கு மேல் தொங்கும் தட்டை அவர் எடுத்துச் செய்ய விரும்பினார். உயரம் எவ்வளவு, எந்த விறகுப் புகை, சட்டத்துக்கு நெருப்புப் பிடிக்காமல் எப்படி, சமைக்கிறவர் தலையில் இடிக்காமல் எப்படி என்று நல்ல கேள்விகள். 'ஏற்கனவே செய்யப்பட்ட தலைப்பு, புதுமை போதாது' என்று முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது. "இப்ப என்னக்கா செய்ய?" என்று என்னிடம் கேட்கிறார். என்ன சொல்வது? எங்கள் கரையில் நிற்கிற பைபர் படகையே பாருங்கள், ஒருவர் ஒரு வருடத்தில் வரைந்து முடித்த பொருளா அது? மரம் போய்ப் பைபர் வந்தது, பின்னால் மோட்டர் ஏறியது. ஒவ்வொரு முறையும் முன்னவர் விட்ட இடத்திலிருந்துதான் அடுத்தவர் தொடங்கியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் எல்லோரும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். கரையில் இருக்கிற பெண்களோ வருடாவருடம் புதிய மாணவருக்குப் பழைய பதிலையே சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு படிவங்களோடு வந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்கள் ஏற்கனவே அலுத்துப்போனவர்கள். மாமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீயும் போட்டோ எடுத்துக்கொண்டு போற ஆளா?"

வடிவமைப்பு கற்பிக்கும் துறைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. கிழக்கிலோ வடக்கிலோ வெளிக்களத்தில் செய்யும் செயற்றிட்டமென்றால் புள்ளியில் ஒரு பங்கை மாரி முடியும்வரை நிறுத்திவையுங்கள். முடியாதென்றால் வைவாவை பெப்ரவரிக்குத் தள்ளுங்கள். முன்னைய மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதையும் ஒரு தலைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். முன்னவர் செய்தது எது, தான் செய்தது எது என்று மாணவர் பிரித்து எழுதினால் போதுமே. தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல்: வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை முதலில் பிடியுங்கள், தலைப்பு பிறகு வரும்.

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வடிவமைப்புக்கென்று துறை கிடையாது. ஆனால் கணினியும் தொடர்பாடலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நிலாவெளிக் கரை பக்கத்திலேயே இருக்கிறது. அடுப்புக்கு மேல் வெப்பமும் ஈரப்பதனும் நாள் முழுக்க எப்படி மாறுகின்றன என்று அளந்து பதிய அவர்களில் யாராவது வந்தால், கிண்ணியாத் தம்பியின் வேலை பாதி குறையும். தட்டின் வரைபடத்தை அளவுகளோடு தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தச்சு வேலை தெரிந்த எவரும் பார்த்துச் செய்யலாம், காசு வேண்டாம்.

கிண்ணியாத் தம்பியின் முன்மொழிவு திருத்தத்தோடு அடுத்த மாதம் மறுபடியும் துறைக்குப் போகிறது. அதற்கு முன் இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், வெட்டி அதோடு இணைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பட்டதாரி ஒருவர்,
சாம்பல்தீவு, திருகோணமலை.