கண்ணில் விழுந்த பதரும் பாமசித் துளி மருந்தும்

ஆசிரியருக்கு,

பெரும்போக அறுவடை தொடங்கினால் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் நெல் விலையும் மழையும்தான் பேச்சு. நான் கண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

போன அறுவடையில் வெட்டு மெஷினுக்குப் பின்னால் நின்ற என் மச்சானின் கண்ணுக்குள் பதர் விழுந்தது. சாரன் தலைப்பால் கசக்கித் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அடுத்த நாள் கண் சிவந்தது, மாமி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார், அதற்கடுத்த நாள் ஒரு பாமசியில் சொல்லி வாங்கிய துளி மருந்து. இரண்டே நாளில் சிவப்பு வாடியது, சுகம் என்று மச்சானும் வயலுக்குப் போய்விட்டார். கிழமை முடியமுன் கருவிழியில் அரிசிக் குறுணி அளவில் வெள்ளைப் பொட்டு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத குத்து.

கண் கிளினிக்கில் புண்ணைச் சுரண்டிச் சோதித்தார்கள். பங்கசு, அதாவது பூஞ்சணம். உமியோ இலையோ சுணையோ கருவிழியைக் கீறினால் அந்தக் கீறல் வழியாக வயலில் உள்ள பங்கசு உள்ளே போய்விடுமாம். பாமசியில் தந்தது ஸ்டீரொயிட் கலந்த மருந்து, அது சிவப்பை அடக்குமே தவிர பங்கசைக் கொல்லாது, கண்ணின் எதிர்ப்பைக் குறைத்து அதை வளரத்தான் விடும். சிவப்புக் குறைந்ததைக் குணம் என்று நம்பினோம், அங்கேதான் பிழை விட்டோம். அப்புறம் இரவு பகலாக மணிக்கு ஒரு தரம் துளி, தங்கச்சி போனில் அலாரம் வைத்து எழும்பி எழும்பி விட்டாள். கண் தப்பியது, பார்வை முழுசாக வரவில்லை. கண்ணில் பூ விழுந்தது என்று ஊரில் சொல்வோமே, அதுதான். கருவிழி மாற்றலாம் என்கிறார்கள். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கே கருவிழி அனுப்புகிறது, சரி, ஆனால் ஒரு பதருக்காக அதுவரை போக வேண்டுமா?

போகம் தொடங்கமுன் நடக்கும் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, உரம், மாடு அகற்றும் நாள் எல்லாம் பேசுகிறார்கள். கண்ணுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். தூசு விழுந்தால் கசக்காமல் சுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும், அடுத்த நாளும் உறுத்தினால் கண் கிளினிக்குக்குப் போக வேண்டும், ஏற்கெனவே விட்ட மருந்துப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. டொக்டரின் துண்டு இல்லாமல் ஸ்டீரொயிட் துளி விற்பதைப் பாமசிகளும் நிறுத்த வேண்டும்.

மச்சான் இந்த முறை மோட்டார் சைக்கிள் ஓடும்போது போடும் கண்ணாடியோடுதான் வயலில் இறங்கினார். பெடியன்கள் 'ஹீரோ' என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும்.

விவசாயி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை