தரம் 10 பெற்றோருக்கு: பதுங்குகுழிக் கண்காட்சி தொடர்பாக

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வரலாற்றுப் பாட ஒப்படைக்காகத் தரம் 10 பிள்ளைகள் போர்க்காலப் பதுங்குகுழிகளைப் பற்றி வீட்டில் கேட்டு எழுதி வருகிறார்கள். பாடசாலைக் கண்காட்சியில் ஒரு பங்கரை முழு அளவில் செய்து காட்டுவதாகவும் முடிவெடுத்திருக்கிறோம். இதைக் கேள்விப்பட்டு உங்களில் சிலர் நேரில் வந்து கதைத்தீர்கள், சிலர் தொலைபேசியில் கோபித்துக்கொண்டீர்கள். "இதையெல்லாம் மறக்கத்தானே சேர் பாடுபடுகிறோம், ஏன் திரும்பக் கிளறுகிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்தக் கடிதம், வழமையை விடக் கொஞ்சம் நீளமாக.

முதலில் அவசரமான விஷயம். மாதிரி செய்து பார்க்கிறோம் என்று சில பொடியன்கள் வீட்டு வளவில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்களாம். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் பல ஆண்டுகளாக நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. பழைய பங்கர் தூர்ந்த இடமென்றால் வெடிக்காத செல், அதாவது எறிகணை, உள்ளே கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், தட்டிப் பார்க்காமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம். வெடிபொருள் இல்லாவிட்டாலும் குழியின் பக்கச் சுவர் இடிந்தால் ஆளை மூடிவிடும். பாடசாலையில் நாங்கள் ஒரு அடி கூடத் தோண்டப்போவதில்லை. மரச்சட்டம் அடித்து, சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, நிலத்துக்கு மேலேதான் கட்டுகிறோம்.

சரி, ஏன் இந்த வேலை? ஒப்படை தொடங்கிய அன்று, பங்கர் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னோம். பலர் வரைந்தது கொங்கிறீற் சுவர், இரும்புக் கதவு, தட்டுத் தட்டாக ரின்மீன், மூலையில் ஒரு ஜெனரேற்றர். எல்லாம் கைபேசி விளையாட்டில் கண்டவை. ஒரு பிள்ளை வைஃபைக்கும் இடம் ஒதுக்கியிருந்தாள். ஆசிரியர் அறையில் சிரித்தோம். அப்புறம் யோசித்துப் பார்த்தால் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த வகுப்பில் எல்லோரும் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். போர் என்றால் அவர்களுக்கு இறந்தவர்களின் தொகை, ஒரு நினைவுநாள், அன்றைக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி. தங்கள் வயதுப் பிள்ளை அந்த நாட்களில் எப்படிப் படித்தது, எங்கே படுத்தது, எதற்குச் சண்டை பிடித்தது என்று எதுவும் தெரியாது. அது தெரிந்தவர்கள் நீங்கள். அன்றைக்குப் பங்கருக்குள் கிடந்த பதின்மூன்று, பதினாறு வயதுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

ஏற்கனவே வந்த குறிப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நேர்கோட்டில் வெட்டாமல் எல் வடிவில் ஏன் வெட்டினார்கள் என்று ஒரு மாணவன் தகப்பனிடம் கேட்டு எழுதியிருக்கிறான்: செல் வாசல் பக்கம் விழுந்து வெடித்தால் அதன் சிதறல் நேரே உள்ளே வரும், மூலை திரும்பியிருந்தால் அது முதல் சுவரிலேயே குத்தி நின்றுவிடும். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்தேவி ரயில் நின்றுபோன பிறகு, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கூரைகளுக்குப் போயின. ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தபோது பாதையை ஏன் அடியிலிருந்து புதிதாகப் போட வேண்டியிருந்தது என்பது பிள்ளைகள் பலருக்கு இப்போதுதான் விளங்கியிருக்கிறது.

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோத்துச் சுடரை மிளகளவுக்குக் குறைத்து வைப்பது. அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரத்துக்குக் கணக்குச் செய்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். மிதிக்கும் முறை யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் அடிபிடி. இந்தச் சண்டைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. பங்கருக்குள்ளும் அவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

வேலைகளும் அவர்கள் தலையில்தான் விழுந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிறைந்தால் வாளியால் இறைப்பது, இறங்கும் முன் பாம்பு, தேள் இருக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்ப்பது, அழும் தம்பி தங்கையைத் தாயம் விளையாடிப் பராக்காட்டுவது. சத்தத்தை வைத்தே வருகிற குண்டுவீச்சு விமானம் கிபிரா, சகடையா என்று சொன்னார்கள். தூரத்தில் செல் ஏவும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கி, அது வந்து விழுவதற்குள் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்கப் பழகியிருந்தார்கள்.

2009ஐப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் குழி வெட்டி, கடைசியில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆழமாக வெட்ட முடியாது. மணல் சரியும், கொஞ்சம் கீழே போனால் தண்ணீர். பை இல்லாமல் சீலைகளைக் கிழித்துத் தைத்து மண் நிரப்பினார்கள், கூறைச்சீலை உட்பட. தரம் 10 மாணவி ஒருத்தி அம்மம்மாவின் கூறைச்சீலை எங்கே என்று கேட்டு, அதற்குக் கிடைத்த பதிலை இரண்டே வரியில் எழுதியிருக்கிறாள். பெண்பிள்ளைகள் மாதவிடாய் நாட்களிலும் மலசலம் கழிக்கவும் பட்ட பாட்டை இதுவரை ஒருவரும் எழுதவில்லை. அம்மாமார் மகள்மாருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். கண்காட்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

செல்லுக்குப் பயந்து மட்டுமா பிள்ளைகளைக் குழிகளில் வைத்திருந்தோம்? இயக்கத்தின், அதாவது புலிகளின், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்தும் ஒளித்து வைத்தோம். அதையும் யாராவது எழுதி வந்தால் வெட்டமாட்டோம், திருத்தமாட்டோம். வீரக்கதையாக்கி வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். ஒருபக்கத்தை மட்டும் சொல்லவும் மாட்டேன்.

மே மாதம் வரை அந்த மணலில் கிடந்த பிள்ளைகள், அதே ஆண்டு ஆகஸ்டில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களில் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். தவணைப் பரீட்சைக்கு மின்விசிறி வேலை செய்யவில்லை என்று என்னிடம் முறைப்பாடு கொண்டுவந்த வகுப்புக்கு இதைச் சொன்னேன். முறைப்பாடு நியாயமானதுதான், விசிறியைத் திருத்திக் கொடுத்துவிட்டோம்.

இனி உங்களிடம் கேட்பது. சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்லவே வேண்டாம். ஒப்படைப் படிவத்தின் கீழே "வேறு தலைப்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அடையாளமிட்டால் போதும். காரணம் கேட்கமாட்டோம், புள்ளியும் குறையாது. அந்தப் பிள்ளைக்கு இரணைமடுக் குளத்தின் வரலாறு கொடுக்கப்படும். தாய் தகப்பனை இழந்து தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளிடம் வகுப்பாசிரியர் தனியாகக் கதைத்திருக்கிறார். கேட்ட பிறகு வீட்டில் யாருக்காவது நித்திரை கெட்டால், பிள்ளையோ பெரியவரோ, எங்கள் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைபேசியில் பதிவுசெய்வதானால் கதைப்பவரின் சம்மதம் வேண்டும். பேஸ்புக்கிலோ டிக்டொக்கிலோ எதையும் போடக்கூடாது. மீறினால் பதிவு அழிக்கப்படும், கைபேசி தவணை முடியும்வரை என் மேசையில் இருக்கும். இறந்தவர்களின் படங்கள் கண்காட்சியில் இராது.

படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மண்மூட்டை அடுக்க அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலைந்து தகப்பன்மார் வந்தால் உதவியாக இருக்கும். தேநீரும் வடையும் உண்டு. பழைய ஜாம் போத்தல் விளக்கு, டைனமோ, பனங்குற்றி வைத்திருப்பவர்கள் பெயரை ஒட்டி இரவலாகத் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம். சிலிப்பர் கட்டை இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், எங்கிருந்து எடுத்தது என்று கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
அதிபர்