கண்ணாடி கிடைத்துவிட்டது, பாப்பா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, அதை நான் சொன்னால் சண்டை வரும், விடு. நீ அனுப்பிய கத்திப் பெட்டி வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. "உள்ளே இருந்த சீட்டைப் படிச்சீங்களாப்பா" என்று போனில் கேட்டாய். கண்ணாடியைக் காணோம் என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, நீ கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்குமேல் சாப்பிடாதே.

பெட்டி ரொம்ப அழகு. மூடியில் காந்தம் வைத்து, உள்ளே கறுப்பு வெல்வெட் விரித்து, நகைக்கடையில்கூட இப்படிக் கொடுக்க மாட்டார்கள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மகள் கம்பெனிக் கத்தி என்று எடுத்துக் காட்டினேன். 7,999 என்று அச்சடித்து, அதை அடித்துவிட்டு 2,499 என்று போட்டிருந்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. 7,999 கொடுத்து அதை யாராவது ஒருநாளாவது வாங்கியிருப்பார்களா? கையில் பிடித்துப் பார்த்தால் முன்பக்கம் கனக்கிறது, பிடி வெறும் காற்றாக இருக்கிறது. பிடிக்குள்ளே தகட்டின் வால் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை. கத்தி வாங்கினால் முதலில் வாலைப் பார் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா கொடுத்துவிட்ட பாறை மீனை அம்மா அதில்தான் அறுத்தாள். முதல் மீன் நன்றாகப் போச்சு, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது மீனில் தோல் வழுக்க ஆரம்பித்தது, அழுத்த வேண்டியிருந்தது. கழுவித் துடைத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே கத்தியின் வாயைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு மின்னியது. கூரான வாய் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது பாப்பா, மடங்கிப்போனதுதான் மின்னும்.

அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி சின்னதாக 3சிஆர்13 என்று உருக்கின் பெயர் இருக்கிறது. முன்னால் இருக்கிற 3 கார்பன் கணக்கு, பின்னால் இருக்கிற 13 குரோமியம். அதாவது 100 கிலோ உருக்கில் கார்பன் ஏறக்குறைய 300 கிராம், குரோமியம் 13 கிலோ. நல்ல ஜெர்மன் கத்திகளுக்குப் போடுகிற உருக்கில் கார்பன் அரைக் கிலோ, குரோமியம் 15 கிலோ வரும். ஜப்பான்காரர்களின் வி.ஜி.10 உருக்கு என்றால் கார்பன் மட்டுமே ஒரு கிலோ. கார்பன் இருந்தால்தான் பதம் நிற்கும், குரோமியம் துருவைத் தள்ளி வைக்கும். 3சிஆர்13 மோசமான சரக்கு என்று சொல்ல மாட்டேன், கத்தரிக்கோலுக்கும் மேஜைக் கத்திக்கும் அது போதும், தீட்டுவதும் சுலபம். ஆனால் பெட்டியில் "உயர் கார்பன்" என்று போட்டிருக்கிறதே. உருக்கின் கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கு 62 என்று வேறு போட்டிருக்கிறது. அந்த உருக்கை யார் எப்படிக் காய்ச்சித் தோய்த்தாலும் அறுபதைத் தொடாது. நிஜ ஜெர்மன் கத்திகளே 56, 58 என்றுதான் போடுகிறார்கள்.

67 அடுக்கு டமாஸ்கஸ், அதாவது அலை அலையாகக் கோலம் தெரிகிற அடுக்கு உருக்கு என்கிறது பெட்டி. அடுக்குப் போட்ட கத்தியில் நடுவே வெட்டுகிற உருக்கு தனியாக இருக்கும், இரண்டு பக்கமும் அடுக்கைப் போர்த்துவார்கள். வாய்ப் பக்கம் போர்வை முடிந்து, கோலம் இல்லாமல் நடு உருக்கு மட்டும் தெரிய வேண்டும். இதில் அலைக்கோடு கடைசி விளிம்பு வரைக்கும் ஓடுகிறது. மனசு கேட்காமல் பிடியை ஒட்டின குதிப்பக்கம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். நாலே தேய்ப்பில் அலை போய்விட்டது, கீழே சாதா வெள்ளைத் தகடு. தேய்த்த இடத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

ஜெர்மன் உருக்கு, ஜப்பான் கைவேலை என்று ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. ஜெர்மன் உருக்கு என்பது ஒரு வகைக்குப் பெயர், எந்த நாட்டிலும் உருக்கி வார்க்கலாம். ஜெர்மனியில் இருக்கிற சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைப் போட வேண்டுமென்றால்தான் அங்கேயே செய்திருக்க வேண்டும், அதற்கு அவர்கள் 1938லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விக்டோரினாக்ஸ் கம்பெனியைப் பார், தகட்டில் வெட்டி எடுத்த கத்தி, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, ஒரு கோலம் கிடையாது. ஹோட்டல் சமையல்காரர்கள் அதைத்தான் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். காய்ச்சின பக்குவம் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். சின்னக் கத்தி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். "எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கத்தி" என்றும் பெட்டியில் எழுதியிருக்கிறது. ராக்வெல் 60க்கு மேலே போகிற ஜப்பான் கத்தியில் பாறைத் தலையை வெட்டினால் வாய் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். துருவே பிடிக்காதாம். நம் கரையில் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டால் எந்த ஸ்டீலும் ஒருநாள் புள்ளி வைக்கும்.

சீட்டைப் படித்துவிட்டேன். மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மீனுக்குக்கூடத் தெரியாமல் அறுக்கும், என் அப்பத்தா கத்தி அப்படி" என்ற இடம் வந்ததும் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். எழுதியவர்களுக்கு நல்ல தமிழ். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிற தமிழ். அதற்கு அடுத்த வரியிலேயே 67ம் 62ம் வந்துவிட்டது. அப்பத்தா கத்தி திருப்பாச்சேத்தியில் லாரிப் பட்டையை அடித்துச் செய்தது, அதில் ஒரு எழுத்துக்கூட கிடையாது.

அந்தச் சீட்டு எழுதுகிறவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்லலாம். 3சிஆர்13, வாரம் ஒருமுறை தீட்டிக்கொள்ளுங்கள், காய்கறிக்கும் சின்ன மீனுக்கும் நன்றாக இருக்கும், விலை 600 என்று எழுதினால் நானே கடையில் வைத்து விற்பேன். இங்கே பொம்பளைகள் ஏலக்கூடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஒருநாளைக்கு எத்தனை கிலோ அறுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை, கொடுக்கிறவன் சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள். வாலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிடிக்குள் வால் எவ்வளவு நீளம் என்று முதலில் அதைத்தான் எழுத வேண்டும்.

நான் ஏன் வாலையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

நீ நாலாவது படிக்கும்போது, பேர் இல்லாத கத்தி மூட்டையில் வரும், ஒன்று 18 ரூபாய். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மிஷினை வைத்துக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் ஜெர்மனி என்று வெட்டினேன். நானேதான். மொத்தக் கடைக்காரன் யோசனை சொன்னான், செய்தது என் கை. நீ பக்கத்தில் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாய், சரியாக வாசித்தாய் என்று கடலைமிட்டாய் கொடுத்தேன். ஒன்று 95 ரூபாய்க்கு விற்றேன். பாம்பன் சித்தி இரண்டு தவணையில் காசு கொடுத்து வாங்கினாள். மச்சான் ஜெர்மனிக் கத்தி கொடுத்தாக என்று ஏலக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டினாளாம்.

பதினோராம் நாள் திருக்கையை வெட்டும்போது பிடியோடு ஒடிந்தது. சித்தியின் ஆள்காட்டி விரல் ஏன் மடங்க மாட்டேன் என்கிறது என்று நீ கேட்டபோது கணவாய் மீன் வழுக்கிவிட்டது என்று சொன்னேன் இல்லையா, அது பொய். உடைந்த பிடியை நான் பிளந்து பார்த்தேன், உள்ளே வால் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. கட்டுப் பிரித்த பிறகு சித்தி கடைக்கு வந்து, "இன்னொண்ணு நல்லதாப் பாத்துக் குடுங்க மச்சான்" என்று மட்டும் கேட்டாள். எழுத்து வெட்டாத ஒரு கத்தியைக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மூட்டையில் மீதி இருந்த ஜெர்மனிக் கத்திகளை என்ன செய்தேன் தெரியுமா? விற்றேன் பாப்பா. உன் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் பணம் கட்டிய பிறகும் விற்றேன்.

போன செவ்வாய்க்கிழமை பாம்பனுக்குப் போய்ச் சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல் நகரை மீனைச் செதில் எடுத்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிறகு உன்னை விசாரித்தாள், மெலிந்துவிட்டாளா என்று கேட்டாள்.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் ஜூன் 14 வரை சித்தப்பா படகு கரையில்தான் கிடக்கும், அப்போது லீவு கிடைத்தால் வா. வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உனக்குக் கஷ்டம் என்றால் சொல்லு, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கே கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பத்தா கத்தியை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை, அறுத்ததும் கழுவித் துடைத்துவிடு, ராத்திரி ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வை. சாணைக்காரரிடம் கொடுக்காதே, சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், தீட்டுக்கல்லும் உள்ளே வைத்திருக்கிறேன். முனையில் வலை மிதவைத் துண்டைச் செருகி, வேட்டித் துணி சுற்றியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டின பக்கம்தான் பிடி. அந்தப் பக்கமாகப் பார்த்துப் பிரி.

அப்பா
மண்டபம்