போனை அம்மாவிடம் கொடுத்த கதை

களுவாஞ்சிக்குடி,
வெள்ளி, பின்னேரம்.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இந்த மனிசன் ஏன் தாளும் பேனையுமாகக் குந்தியிருக்கிறார் என்று நினைப்பாய். எழுத்துக்குக் காது தேவையில்லை, அதுதான். எழுதி முடித்ததும் தங்கச்சி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் வந்தாறுமூலை கம்பசில் இருந்து லீவில் வந்திருக்கிறாள்.

ஐந்தாறு வருசமாக நீ கோல் எடுக்கும்போதெல்லாம் "இந்தா, அம்மாவோட கதை" என்று போனைக் கைமாற்றி விடுவேன். நீ கட்டாருக்குப் போன கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாய். கார்த்திகை மாதம்தான் அவள் அதை எனக்குச் சொன்னாள். நீ போனது எனக்குப் பிடிக்கவில்லைதான், அது வேறு கதை. போனைக் கொடுத்தது அதற்காக இல்லை. நீ கதைப்பது எனக்கு விளங்கவில்லை. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அதை வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கம்.

ஒரு நாள் நீ "காசு போட்டிருக்கன்" என்றாய். நான் "இல்ல, இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டாய். அனுப்பிய காசு போதாது என்று நான் குத்திக் கதைத்ததாக நினைத்தாயாம். மகன், என் காதில் விழுந்தது "மாடு போட்டிருக்கா" என்று. எங்கள் சிவப்பி அப்போது சினை. கன்று போட ஒரு மாதம் இருந்தது உண்மை.

ஏன் அப்படிக் கேட்டது என்று இப்போது விளங்குகிறது. காசு, மாடு, காது, பாட்டு, எல்லாவற்றிலும் முதலில் ஆ, முடிவில் உ. உயிரெழுத்தின் சத்தம் தடித்தது, பலமானது. மெய்யெழுத்துகளில் பல, அதிலும் ச, த, ப மாதிரியானவை, மெலிந்த சத்தம், கூர்மையான சத்தம். எனக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. விடுபட்டதை மூளை தன் கையிருப்பில் இருந்து நிரப்பிவிடுமாம். என் மூளையில் அன்றைக்கு மாடுதான் இருந்தது. போனில் முகமும் தெரியாது. முகம் பார்த்துக் கதைத்தால் உதட்டசைவில் பாதி பிடித்துவிடுவேன். அதனால்தான் வீட்டிலேயே இத்தனை வருசம் யாருக்கும் பிடிபடாமல் ஓட்டினேன்.

ஓட்டினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன், மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பேன். போன வருசம் ஒரு செத்த வீட்டில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சொன்னது செத்தவர் கடைசி நாளில் பட்ட பாட்டை. அதற்குப் பிறகு செத்த வீடு, கோயில் கூட்டம், கூத்துப் பழகும் இடம் ஒன்றுக்கும் போகவில்லை. வயசு போய் மனிசன் சிடுசிடுப்பாகிவிட்டார் என்று ஊர் சொன்னது. செவிடன் என்று சொல்வதைவிட அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இதைப் போல முட்டாள்தனம் நான் வேறு செய்ததில்லை.

நீ அழுத கதை கேட்டபின் மாசியில் கிளினிக்குக் கிளம்பினேன். இங்கே ஆஸ்பத்திரியில் காட்ட, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத் துண்டு தந்தார்கள். காது மூக்கு தொண்டை டொக்டர் முதலில் காதுக்குள் இருந்த குறும்பியை எடுத்துவிட்டார். சில பேருக்கு அதோடு சரியாகிவிடுமாம். குறும்பி, நடுக்காதில் சீழ், சவ்வில் ஓட்டை, இதெல்லாம் சத்தம் உள்ளே போகிற வழியில் வருகிற தடைகள், பெரும்பாலும் மருந்தாலோ ஒப்பரேசனாலோ சரிப்படுத்தலாம். எனக்கு வழி துப்புரவாகத்தான் இருந்தது. மறுகா ஒரு இரும்புக் கவையைத் தட்டி காதுக்குப் பக்கத்தில் பிடித்தார், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எலும்பு வழியாகவும் சத்தம் ஏறும். சின்ன வயதில் கல்லடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை ஆற்றில் விட்டு மற்ற நுனியைக் காதோடு வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்டிருக்கிறோம். அந்த ஞாபகம் வந்தது. டொக்டரிடம் சொன்னேன். அவர் வெளியூர்க்காரர், மீன் பாடுமா என்று கேட்டார். அதை விடு.

சத்தம் புகாத சின்ன அறையில் இருத்தி, ஹெட்போன் மாட்டி, கீச்சென்று கேட்டால் பட்டனை அமத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு தாள் தந்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் புள்ளடி. தடித்த சத்தப் பக்கம் கோடு மேலே கிடந்தது, அது நன்றாகக் கேட்கிற பக்கம். சத்தத்தின் கூர்மையை ஹெர்ட்ஸில் அளப்பார்களாம். 3,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் இரண்டு கோடும் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறங்கி, 4,000-இல் அடியைத் தொட்டு, 8,000-இல் கொஞ்சம் ஏறியது. நான் "90-ஆம் ஆண்டுச் சண்டையில் கிட்டத்தில் ஒரு ஷெல் விழுந்தது டொக்டர், அதுதான்" என்றேன். எல்லாவற்றையும் அந்த வருசத்தில் போட்டுவிடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே "ஐயா என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். வெடி என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காதுதான் கூட அடிபடுமாம். இரண்டும் ஒரே மாதிரி, 4,000-இல் பள்ளம் விழுந்தால் அது கால காலமாகச் சத்தத்தில் நின்ற காது.

மில். 31 வருசம்.

உனக்கு மில் தெரியும், சாப்பாடு கொண்டு வருவாய். ஆனால் வாசலில் நின்று கை காட்டிவிட்டு ஓடிவிடுவாய். உள்ளே நெல் ஏறுகிற வாளிச் சங்கிலி, உமி நீக்குகிற மெசின், அரிசி தீட்டுகிற மெசின், பெல்ட், ஊதி. பெரும்போகத்து அறுவடையில் வாவிக்கு மேற்கே படுவான்கரை நெல் முழுக்க வந்து குவிந்தால் இரவு பகல் ஓடும். பக்கத்தில் நிற்கிறவனோடு சைகையால்தான் கதை. பஞ்சு வைத்தோம், பழந்துணி வைத்தோம். பஞ்சு ஒன்றுக்கும் உதவாதாம். முப்பது வருசம் கழித்துத் தெரிந்து என்ன?

வேலை முடிந்து வந்தால் காது அடைத்துக் கிடக்கும், உள்ளே கூவும். காலையில் எழும்பினால் சரி. அந்தச் "சரி"தான் ஏமாற்று வேலை. உட்காதுக்குள் நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிர் முளைத்த நுண்ணிய உயிரணுக்கள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. சத்தம் வந்தால் வயலில் காற்று அடித்த மாதிரி அவை அசைந்து நரம்புக்குச் சொல்லும். வெள்ளாமைக்குள் மாடு ஒருக்கால் இறங்கினால் பயிர் நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் அதே வழியால் மிதித்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான். கூர்மையான சத்தத்துக்கான உயிரணுக்கள் சுருளின் வாசலிலேயே இருக்கின்றன. அவைதான் முதலில் போகும். போனால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்குமாம்! அடித்துக் குழம்பு வைக்கிற கோழிக்கு இருக்கிற வசதி எங்களுக்கு இல்லை.

ஒரு இரவு அம்மாவிடம் "இந்தச் சில்வண்டு என்ன இப்படிக் கத்துது" என்றேன். "எந்தச் சில்வண்டு?" என்றாள். மாரியும் இல்லை, வண்டும் இல்லை. அது என் காதுக்குள் இருந்தது. அன்றைக்கே கிளினிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அது நடந்து பத்து வருசம் இருக்கும்.

இப்போது உன் விசயம். நீ வைக்கும் வீடியோவில் கம்பி வெட்டுகிற கிரைண்டர் சத்தம் தங்கச்சிக்கே தாங்கவில்லை. உன் காதில் ஒன்றும் இல்லை. தொப்பி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, காது வெறுமை. கணக்கைக் கேள்: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100 வந்தால் 15 நிமிடம். கிரைண்டர் 100-ஐத் தொடும். மீற்றர் தேவையில்லை. ஒரு கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறவனோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்த இடம் காதைத் தின்கிறது என்று வைத்துக்கொள்.

ஸ்டோரில் ஸ்பொஞ்ச் மாதிரி மெத்தென்ற காதடைப்பான் இருக்கும், கேட்டு வாங்கு. சும்மா சொருகினால் பிரயோசனமில்லை. சுத்தமான விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும் வரை அமத்திக்கொண்டிரு. மேஸ்திரி கூப்பிட்டால் கழற்றாதே, சத்தத்துக்கு வெளியே போய்க் கதை. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் மில்லிலும் பஞ்சு வைத்தவனைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

அப்புறம் அந்த இயர்போன். பகல் முழுக்கச் சத்தத்தில் நின்ற காதுக்கு இரவு ஓய்வு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறதாம். உன் போன் அதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுமா என்று தேடிப்பார் என்கிறாள் தங்கச்சி. காதுக்குள் பட்ஸ், தீப்பெட்டிக் குச்சி எதுவும் விடாதே. குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும், அவ்வளவுதான் அது செய்யும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஒரு காது திடீரென்று, ஒரே நாளில், இரண்டு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். வேலையை விட்டுவிட்டு டொக்டரிடம் ஓடு. பின் வளவு மாமிக்கு அப்படித்தான் ஒரு காலை எழும்பும்போது இடது காது செத்துக் கிடந்தது. சளி என்று நினைத்து, உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டு ஒரு மாதம் பார்த்தார். முதல் சில நாட்களுக்குள், போனால் இரண்டு கிழமைக்குள் ஸ்டீரோயிட் மருந்து தொடங்கினால் திரும்புகிற வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்களாம். அவருக்கு அந்தக் காது வரவேயில்லை.

எனக்கு மருந்தும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. காது மெசின்தான். காதுக்குள்ளேயே மின்வாய் வைக்கிற ஒப்பரேசன் ஒன்று இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் 1978-இல் கிரேம் கிளார்க் என்ற டொக்டர் தொடங்கிவைத்த வகை. அது மெசின் போட்டும் கேட்காதவர்களுக்கு. எனக்கு அந்த அளவு வரவில்லை. இரண்டு காதுக்கும் மெசின் வாங்க, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குகிற காசு போனது. நீ போட்ட காசுதான், மகன். மாடு இல்லை.

கண்ணாடி போட்டால் உடனே தெரியும். இது அப்படி இல்லை. முதல் நாள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அழுகை வராத குறை. ஹோர்ன், காகம், என் செருப்பு. பைக்குள் இருக்கிற பொலித்தீன் நெருப்புப் பற்றின மாதிரிச் சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்தால் என் குரலே பீப்பாய்க்குள் இருந்து வருகிறது, முறுக்குக் கடித்தால் மண்டைக்குள் கல்லுடைக்கிறார்கள். கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் லாச்சியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு திருப்பிக் கொண்டுபோய்க் காட்ட, மெசின் தந்த இடத்துப் பிள்ளை கொம்பியூட்டரில் சத்தத்தைக் குறைத்து, "முதலில் வீட்டுக்குள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் போடுங்க ஐயா, மூளை பழக வேண்டும்" என்றாள். வருசக்கணக்காகக் கேட்காத சத்தத்தை அது மறந்துவிடுமாம். சரியாக ஐந்து கிழமை எடுத்தது. இப்போது பொலித்தீன் பொலித்தீன் மாதிரிக் கேட்கிறது.

பற்றரி சட்டைப் பொத்தான் அளவு. செம்மஞ்சள் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் அது உயிர் பெறும், ஒரு நிமிசம் பொறுத்துப் போட வேண்டும். இரவில் ஈரம் போக அரிசிக்குள் போட்டு வை என்று ஒருவர் புத்தி சொன்னார். மில்லில் நின்ற எனக்கு! அந்தத் தூசி உள்ளே போனால் மெசின் பழுதாகிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட சின்னப் போத்தல் ஒன்று வைத்திருக்கிறேன்.

அம்மா தேங்காய் துருவுவது கேட்கிறது. தங்கச்சி அறைக்குள் மெதுவாகப் போன் கதைப்பதும் கேட்கிறது, அவளுக்கு அது இன்னும் தெரியாது. படம் பிடிக்கும்போது இந்த வரி அவள் கண்ணில் படும், படட்டும். சில்வண்டு இருக்கிறது, ஆனால் மெசின் போட்டிருக்கிற நேரம் பின்னுக்குப் போய்விடும். கூட்டத்தில் இன்னும் கஷ்டம். போன்தான் கடைசியாகச் சரிவரும் என்றார்கள்.

ஞாயிறு பின்னேரம், உனக்கு லீவு இல்லாவிட்டாலும் வேலை முடிந்து எடு. படத்தோடு எடு, முகத்தில் வெளிச்சம் விழ உட்கார். கத்தாதே, கத்தினால் சொல் இன்னும் உடையும். கொஞ்சம் நிறுத்திக் கதை. விளங்காவிட்டால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல். "போகம்" பிடிபடவில்லையா, "வெள்ளாமை" என்று சொல். நான் "என்ன?" என்று கேட்பேன். இனி வெட்கப்பட மாட்டேன்.

அம்மா பக்கத்தில் இருப்பாள். போன் என் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா